உங்களுக்குத் தெரியுமா? பாடம் 18 மணி, வேலை 56 மணி!

ஜப்பானில் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்குச் சராசரியாக 56 மணி நேரம் உழைக்கிறார் என்று 2018-இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) நடத்திய ஆய்வு காட்டியது. பங்கேற்ற நாடுகளிலேயே அதுதான் உச்சம். பொதுச் சராசரி சுமார் 38 மணி. ஆனால் வகுப்பில் பாடம் நடத்துவது 18 மணி நேரம்தான்! பாடத் தயாரிப்பு, எழுத்து வேலை எல்லாம் போக, ‘புகாட்சு’ எனப்படும் மாணவர் மன்றங்களுக்கு மட்டும் ஏழரை மணி. பள்ளி விட்ட பிறகும் விடுமுறை நாளிலும் பேஸ்பால், பேண்டு வாத்தியம் என்று எதையாவது கவனித்தாக வேண்டும். அந்த ஆட்டம் ஆசிரியருக்கு ஆடத் தெரியுமா என்பது வேறு கதை.

இத்தனைக்கும் ஓவர்டைம் கிடையாது. பொதுப்பள்ளி ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 4 சதவீதம் கூட்டிக் கொடுத்தால் போதும் என்று 1971-இல் சட்டம் போட்டார்கள். 1966-இல் எடுத்த கணக்கில் கூடுதல் வேலை மாதத்துக்கே சுமார் 8 மணி நேரம்தான் இருந்தது. வேலை பெருகியது, 4 மட்டும் அசையவில்லை. ஆசிரியர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் குறைந்துகொண்டே வந்த பிறகு, 2025-இல்தான் சட்டம் திருந்தியது. அந்த 4 சதவீதம் படிப்படியாக உயர்ந்து 2031 தொடக்கத்தில் 10 சதவீதத்தைத் தொடும்.