பஞ்சில் ஒட்டும் இனிப்பு

திருப்பூரின் பனியன் ஆலைகளுக்கு நூல் தரும் கொங்கு வட்டார நூற்பாலைகள், குஜராத், மகாராஷ்டிரம் உள்ளிட்ட மாநிலங்களிலிருந்து பெருமளவில் பஞ்சு வாங்குகின்றன. பார்வைக்குத் தூய வெண்மையாக இருக்கும் பஞ்சும் சில வேளைகளில் ரோலரில் சுற்றிக்கொண்டு நூலை அறுத்துவிடுகிறது. 'ஒட்டும் பஞ்சு' எனப்படும் இக்குறைக்குப் பெரும்பாலும் காரணமாவது, வெள்ளை ஈயும் அசுவினியும் வயலிலேயே பஞ்சின்மீது சிந்திவிட்ட சர்க்கரையாகும்.

இலையில் உருவாகும் உணவு, சுக்ரோஸ் என்னும் சர்க்கரையாகப் புளோயம் எனப்படும் குழாய்த் திசுவின் வழியே காய்க்கும் வேருக்கும் செல்கிறது. சாறு உறிஞ்சும் பூச்சி, மயிரிழை போன்ற தன் வாயூசியைச் செல்களின் இடைவெளியில் நுழைத்து, வழியெங்கும் உமிழ்நீரால் ஓர் உறையை அமைத்துக்கொண்டே இக்குழாயை எட்டுகிறது. குழாய்க்குள் சாறு அழுத்தத்துடன் இருப்பதால், பருகிக்கொண்டிருக்கும் அசுவினியை வெட்டி அகற்றிய பின்னும், செடியில் எஞ்சிய ஊசித்துண்டின் வழியே சாறு கசிந்துகொண்டிருக்கும்.

இச்சாற்றில் சர்க்கரை மிகுதி. உடல் வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலங்களோ குறைவு. அசுவினியின் உடலுக்குள் வாழும் புக்னெரா என்னும் பாக்டீரியா அவற்றுட் சிலவற்றை ஆக்கித் தந்தாலும், பூச்சி ஏராளமான சாற்றைப் பருகியே ஆகவேண்டும். அடர்த்தி குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் சவ்வைக் கடந்து செல்லும் இயல்பே சவ்வூடு பரவல் என்பதால், இரத்தத்தைவிட அடர்ந்த அச்சாறு குடலில் அப்படியே தங்கினால் உடல்நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். குடலின் நொதிகள் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்க, அவற்றில் ஒரு பகுதியைக் குடற்சுவரிலுள்ள கடத்துப் புரதங்கள் உடலுக்குள் கொண்டுசேர்க்கின்றன. அசுவினியின் குடலில் எஞ்சும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகக் கோக்கப்படுவதால், மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைந்து, உடல்நீரை இழுக்கும் விசையும் தணிகிறது.

உடல் ஏற்காத மிச்சம் தேன்போன்ற கழிவாக வெளியேறுகிறது. பொள்ளாச்சியில் 2016-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ தாக்கிய தென்னையின் ஓலைகள் கருத்துப்போவதும், இத்தகைய கழிவின்மீது வளரும் கரும்பூசணத்தால்தான். பருத்தியிலோ அது வெடித்த காயின்மீது விழுந்து இழைகளிலேயே தங்கிவிடுகிறது. அசுவினியின் கழிவில் மெலிசிடோஸ் என்னும் சர்க்கரையும், வெள்ளை ஈயின் கழிவில் டிரெஹலுலோஸ் என்னும் சர்க்கரையும் மிகுந்து காணப்படுகின்றன. காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சுவதும், சுக்ரோஸைவிடக் குறைந்த வெப்பத்திலேயே இளகுவதும் டிரெஹலுலோஸின் இயல்புகளாதலால், ஓடிச் சூடேறிய ரோலரில் அது பிசின்போலப் பற்றிக்கொள்கிறது.

ஆலையில் காற்றின் ஈரப்பதத்தைக் குறைத்தும், ஒட்டும் பஞ்சை நல்ல பஞ்சுடன் கலந்தும் சமாளிக்கலாமெனினும், அவை பாதிப்பைக் குறைப்பனவே அன்றிச் சர்க்கரையை நீக்குவன அல்ல. ஆகவே காய் வெடிக்கும் பருவத்தில் வெள்ளை ஈயைக் கட்டுக்குள் வைப்பதும், வெடித்த பஞ்சைச் செடியிலேயே நெடுநாள் விட்டுவைக்காமல் எடுப்பதும், நூலின் தரத்தை வயலிலேயே காக்கும் வேலைகளாகின்றன.