குருவைத் தேடும் கோவிற்பற்றுகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஆராதனை முடியும் வேளையிற் குருவானவர் ஓர் அறிவித்தலை வாசிக்கிறார். இன்னும் மூன்று மாதத்தில் அவர் ஓய்வு பெறுகிறார். அந்த அறிவித்தல் அவ்வூர்க் கோவிலுக்கு மாத்திரம் உரியதன்று. அயலிலுள்ள வேறு ஆறு ஊர்க் கோவில்களிலும் அது வாசிக்கப்படல் வேண்டும். ஏழு கோவில்களுக்கும் குருவானவர் ஒருவரே. அடுத்தவர் யார், எப்போது வருவார், வரத்தான் செய்வாரா என்னும் மூன்று கேள்விகளும் அன்று பகலுணவுக்கு முன்னரே ஏழு ஊர்களிலும் உலாவத் தொடங்கிவிடும்.

கத்தோலிக்க திருச்சபையிற் பங்குக் குருவை நியமிப்பவர் மேற்றிராணியார். மெதடிஸ்த சபையில் இன்ன போதகர் இன்ன இடத்துக்கு என்று தீர்மானிப்பது மகாநாடு. இவ்விரண்டு முறைகளும் இலங்கையிலுள்ளோர் அறிந்தவை. இங்கிலாந்துத் திருச்சபையின் வழக்கமோ இவற்றின் வேறானது. அங்கே அத்தியட்சருக்கு ஒரு சொல் உண்டு. புரவலர் என்னும் ஒருவருக்கு ஒரு சொல் உண்டு. கோவிற்பற்று மக்களுக்கும் ஒரு சொல் உண்டு. இம்மூவரும் ஒத்துக்கொண்டாலன்றிப் புதிய குரு பொறுப்பேற்பதில்லை. இந்த ஒழுங்கு ஒருநாளில் அமைந்ததன்று. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்காலப் பழக்கமும் பிணக்கும் திருத்தமும் அதனுள் அடங்கியுள்ளன.

முதலில், ஏழு கோவில்களுக்கு ஒரு குரு என்னும் நிலை எவ்வாறு வந்தது என்பதை நோக்குதல் தகும். மத்திய காலத்தில் ஊருக்கொரு கோவிலும் கோவிலுக்கொரு குருவும் என்பதே பொது விதியாய் இருந்தது. ஊரார் தம் விளைச்சலிற் பத்திலொரு பங்கைக் குருவுக்கு அளித்தனர். கோவிலுக்கெனக் காணியும் இருந்தது. 1836ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தசமபாகத்தைப் பணக் கொடுப்பனவாக மாற்றியது. 1936ஆம் ஆண்டில் அக்கொடுப்பனவும் ஒழிக்கப்பட்டது. கோவிற் காணிகளெல்லாம் 1978ஆம் ஆண்டில் அத்தியட்சாதீனங்களின் நிதிச் சபைகளிடம் சேர்ந்தன. இவ்வாறு ஊர் தன் குருவைத் தானே தாங்கும் பழைய முறை மறைந்தது. குருமாரின் தொகையும் ஆராதனைக்கு வருவோரின் தொகையும் குறைந்துகொண்டே வந்தன. கோவில்களோ அந்த அளவுக்குக் குறையவில்லை. இங்கிலாந்துத் திருச்சபைக்கு இன்றும் ஏறத்தாழ 16,000 கோவில்கள் உள. அவற்றிற் பெரும்பாலானவை இடிக்கவோ மாற்றவோ எளிதில் அனுமதி பெறமுடியாத பழங்கட்டிடங்கள். ஆகவே 1949, 1968 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களின்படி பல கோவிற்பற்றுகளை ஒன்றாய் இணைத்து ஒரு குருவின் பொறுப்பில் விடும் வழக்கம் பரவியது.

இதில் ஒரு விந்தை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலும் ஒரே குரு பல கோவிற்பற்றுகளை வைத்திருந்ததுண்டு. பல இடங்களின் வருமானத்தையும் தாம் பெற்றுக்கொண்டு, குறைந்த சம்பளத்துக்கு ஓர் உதவிக் குருவை அமர்த்திவிட்டு, தாம் வேறிடத்தில் வாழ்ந்தோர் பலர். அப்பழக்கம் பெரும் பழிச்சொல்லுக்கு இலக்காகி, 1838ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் கட்டுப்படுத்தப்பட்டது. அன்று ஒருவர் பல கோவில்களை வைத்திருந்தது வருமானத்துக்காக. இன்று ஒருவர் பல கோவில்களைச் சுமப்பது, சுமக்க வேறு ஆள் இல்லாமையினால்.

இனி, புரவலர் என்பவர் யார்? பழங்காலத்திற் பிரபு ஒருவர் தம் காணியில், தம் பொருளாற் கோவிலைக் கட்டினார். கட்டியவருக்கு அதன் குருவைத் தெரிந்து அத்தியட்சர் முன் நிறுத்தும் உரிமையும் கிடைத்தது. நாளடைவில் அவ்வுரிமை வீடு காணிபோல ஒரு சொத்தாகியது. தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. விற்கவும் வாங்கவும் பட்டது. அரசுக்கும், அத்தியட்சர்களுக்கும், ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கும், நாட்டுப்புறப் பிரபுக் குடும்பங்களுக்கும் அது உரியதாயிற்று. 1813இல் வெளிவந்த ஜேன் ஒஸ்ரினின் நாவலொன்றில், செல்வச் சீமாட்டி ஒருத்தியின் தயவாற் பதவி பெற்ற கொலின்ஸ் என்னும் குரு, வாய்க்கு வாய் அவளைப் புகழ்ந்து நகைப்புக்கு இடமாகிறார். அக்காலத்து வாசகர்களுக்கு அப்பாத்திரம் புதியதாய்த் தோன்றியிராது.

மக்களைக் கேளாது குருவை வைத்தால் என்ன நேரும் என்பதற்குக் கேம்பிரிட்ஜ் நகரத்துத் திரித்துவக் கோவில் ஓர் எடுத்துக்காட்டு. 1782ஆம் ஆண்டில் சார்ள்ஸ் சிமியன் என்னும் இளைஞர் அங்கே நியமிக்கப்பட்டார். மக்கள் விரும்பியதோ வேறொருவரை. தமக்கென வாடகைக்கு வைத்திருந்த இருக்கைகளின் சிறு கதவுகளைப் பூட்டிவிட்டு அவர்கள் வராதிருந்தனர். வந்த சிலர் நடைபாதையில் நின்றே பிரசங்கத்தைக் கேட்டனர். சிமியன் வாங்குகளைக் கொணர்ந்து போட்டார். மூப்பர்கள் அவற்றைத் தூக்கி வெளியே வீசினர். பல ஆண்டுகள் சென்ற பின்னரே அப்பகை தணிந்தது. 1836இல் இறக்கும்வரை, ஐம்பத்து நான்கு ஆண்டுகள், அவர் அங்கேயே பணிபுரிந்தார். முடிவில் நகரமே திரண்டு அவரை அடக்கம் செய்தது. அந்தச் சிமியனே பிற்காலத்திற் பல கோவில்களின் புரவலர் உரிமையை வாங்கி, தம் கொள்கைக்கு இசைந்த குருமாரை அவற்றில் அமர்த்துவதற்கென ஒரு தருமகர்த்தா சபையை நிறுவினார். அது இன்றும் இயங்குகிறது.

இவ்வுரிமையின் வாணிகத்தை 1898ஆம் ஆண்டுச் சட்டமும் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் படிப்படியாக ஒடுக்கின. இன்றைய ஒழுங்கின் அடிப்படை 1986ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி புரவலர் உரிமையை விற்றல் கூடாது. புரவலரின் பெயர் அத்தியட்சாதீனப் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். அவர் தெரிந்த குருவை அத்தியட்சரும் ஏற்கவேண்டும். கோவிற்பற்று மக்களின் பிரதிநிதிகளும் ஏற்கவேண்டும். அவர்கள் மறுப்பாராயின் காரணத்தை எழுத்திற் கொடுத்தல் வேண்டும். அக்காரணம் தகாதது எனப் புரவலர் கருதினாற் பேரத்தியட்சரிடம் முறையிடலாம். குறித்த காலத்துக்குட் புரவலர் எவரையும் முன்னிறுத்தாவிடின் அந்த உரிமை பேரத்தியட்சரையே சென்றடையும்.

பதவி வெற்றிடமான செய்தி முறைப்படி கிடைத்ததும் கோவிற்பற்றுச் சபை கூடுகிறது. அக்கூட்டத்தில் விடைபெறும் குருவுக்கு இடமில்லை, அவர்தம் துணைவருக்கும் இடமில்லை, புரவலருக்கும் இடமில்லை. எத்துணை அன்புடன் பணிபுரிந்தவராயினும், தமக்குப் பின் வருபவரைத் தெரிவதிற் பழைய குரு தலையிடலாகாது என்பது கருத்து. சபை தன் பிரதிநிதிகளைத் தெரிவு செய்கிறது. விளம்பரம் செய்யுமாறு புரவலரைக் கேட்பதா, அத்தியட்சரையும் புரவலரையும் ஒருங்கே சந்திப்பதா என்று முடிவு செய்கிறது. இவை யாவற்றினும் மேலான ஒரு கடமையும் அதற்கு உண்டு. தன் நிலைமை, தன் தேவை, தன் மரபு ஆகிய மூன்றையும் விளக்கி ஓர் அறிக்கை எழுதல் வேண்டும்.

இந்த அறிக்கைதான் உண்மையான சோதனை. ஒரு கோவிற்பற்றாயின் வேலை ஒருவாறு எளிது. ஏழு கோவிற்பற்றுகளாயின், ஏழு சபைகள், ஏழு கணக்குகள், கோவிலுக்கு இருவராகப் பதினான்கு மூப்பர்கள். முதல் வரைவைக் கையிலெடுத்தால் அதிற் குருவின் இலட்சணங்களே நிறைந்திருப்பது வழக்கம். அவர் இளைஞராயும் இருத்தல் வேண்டும், அனுபவசாலியாயும் இருத்தல் வேண்டும்; சிறுவரைக் கவரவும் வேண்டும், முதியோரை வீடுதோறும் சென்று காணவும் வேண்டும்; பிரசங்கம் சிறக்கவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். இத்தகைய ஒருவர் உலகில் எங்கும் இலர் என்பதை எழுதியவர்களே அறிவர்.

தேடப்படுபவரை விட்டுத் தேடுவோர் தம்மைப்பற்றி எழுதத் தொடங்கும்போதுதான் கடினமான கேள்விகள் எழுகின்றன. ஞாயிறுதோறும் எத்தனைபேர் வருகிறார்கள்? நாற்பது என்று சொல்லிவந்த இடத்திற் பெயரை எண்ணிப் பார்த்தால் பதினெட்டுப் பேரே தேறலாம். குருவின் சம்பளத்துக்கென அத்தியட்சாதீனத்துக்குச் செலுத்தவேண்டிய பங்கு முழுவதும் செலுத்தப்பட்டதா? கூரை ஒழுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது? 1662ஆம் ஆண்டுச் செபப்புத்தகத்தின் பழைய மொழியிலேதான் ஆராதனை நடைபெறவேண்டும் என்பார் ஓரூரார். குழந்தைகள் பாடியாடும் குடும்ப ஆராதனை வேண்டும் என்பார் அடுத்த ஊரார். பெரிய ஊர்க் கோவில் தன்னை நடுக்கோவிலாக எண்ணும். சிறிய ஊர்க் கோவில், ஒருநாள் தன் கதவு நிரந்தரமாக மூடப்படுமோ என்று அஞ்சும்.

அந்த அச்சம் காரணமற்றதன்று. ஏழு கோவில்களிலும் ஒரே காலையில் ஒரு குரு நிற்க முடியாது. இடையிலுள்ள ஒடுங்கிய பாதைகளிற் காரை விரைந்து செலுத்தினாலும் இரண்டு, மிஞ்சினால் மூன்று ஆராதனைகளே கைகூடும். ஆகவே எக்கோவிலுக்கு எந்த ஞாயிறு என்பதை ஏழு ஊராரும் ஒருமேசையில் இருந்து பேசியே தீரவேண்டும். இதை மறைத்து இனிய படங்களும் இனிய சொற்களுமாக அறிக்கையை அழகுபடுத்தினால், வருகின்ற குரு ஆறு மாதத்தில் உண்மையை அறிந்துவிடுவார். மனமுடைந்து அவர் நீங்கினால், ஏழு ஊர்களும் தொடங்கிய இடத்திலேயே மீண்டும் நிற்கும்.

இவ்வேலை நடக்கும் காலமெல்லாம் கோவில் மூடிக்கிடப்பதில்லை. வெற்றிடம் பல மாதங்கள் நீடிப்பது வழக்கம். சில இடங்களில் ஓராண்டையும் கடக்கும். அதுவரை மூப்பர்களும் அயற் பகுதிக்குப் பொறுப்பான குருவும் நிருவாகத்தைப் பார்த்துக்கொள்கின்றனர். ஓய்வுபெற்ற குருமார் வந்து திருவிருந்து நடத்துகின்றனர். குரு கிடையாத நாளில், பயிற்சியும் அனுமதியும் பெற்ற வாசகர் காலைச் செபத்தை நடத்துவார். 1866ஆம் ஆண்டு முதல் இத்தகைய வாசகர் பணி அத்திருச்சபையில் உண்டு. முன்பு ஒருபோதும் வாய்திறவாத ஒருவர் வேதபாடம் வாசிக்க முன்வருவார். சாவியை வைத்திருப்பவர் யார், மணியை அடிப்பவர் யார், மரணவீட்டுக்குச் செல்பவர் யார் என்று கேட்கும்போது, இவற்றையெல்லாம் குருவே செய்துவந்தார் என்பது தெரியவரும். அவற்றுட் பலவற்றைத் தாமே செய்யலாம் என்பதும் தெரியவரும். புதிய குரு வந்த பின்னர் அவற்றைத் திரும்பவும் அவர் தலையிற் சுமத்தாத கோவிற்பற்றே இக்காலத்தாற் பயன்பெற்றது எனலாம்.

1863ஆம் ஆண்டிலிருந்து வெளிவரும் ‘சர்ச் ரைம்ஸ்’ வார இதழ் இத்தகைய விளம்பரங்களுக்குப் பேர்போனது. விண்ணப்பிப்போருள் இன்று ஆண்களும் உளர், பெண்களும் உளர். 1994ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்துத் திருச்சபையிற் பெண்களும் குருப்பட்டம் பெறுகின்றனர். தெரியப்பட்ட சிலர் ஏழு கோவில்களையும் சுற்றிப்பார்த்து, ஊராருடன் உணவருந்தி, பின்னர் நேர்முகத் தேர்வுக்கு அமர்கின்றனர். அன்று குருவை மக்கள் அளப்பதுபோலக் குருவும் மக்களை அளக்கிறார். எவரும் விண்ணப்பிக்காமற் போவதும் உண்டு. கோவிற்பற்றுகளை மேலும் இணைக்கக் கருதினால், முன்னிறுத்தும் உரிமையை அத்தியட்சர் முறைப்படி நிறுத்திவைத்து, பொறுப்புக் குரு ஒருவரை நியமிக்கவும் கூடும்.

எல்லாம் கைகூடினால், ஒருநாள் மாலை ஏழு ஊராரும் ஒரு கோவிலிற் கூடுகின்றனர். ஆன்மாக்களைப் பராமரிக்கும் பொறுப்பை அத்தியட்சர் புதிய குருவிடம் ஒப்படைக்கிறார். அது தமக்கும் அவருக்கும் பொதுவானது என்பதையும் உணர்த்துகிறார். பின்னர் ஆர்ச்டீக்கன் குருவின் கையைப் பிடித்துக் கோவிற் கதவின்மீது வைக்கிறார். குரு உட்சென்று மணியை ஒலிப்பிக்கிறார். எத்தனை முறை ஒலிக்கிறதோ அத்தனை ஆண்டு அவர் அங்கு இருப்பார் என்று ஊரார் விளையாட்டாக எண்ணுவர்.

பழைய கோவில்கள் பலவற்றின் சுவரிற் பலகையொன்று தொங்கும். மத்திய காலம் முதல் அங்கு பணிபுரிந்த குருமாரின் பெயர்களும் ஆண்டுகளும் அதில் வரிசையாய் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் நீங்கியதற்கும் அடுத்தவர் வந்ததற்கும் இடையிலுள்ள மாதங்களுக்கு அதில் வரியில்லை. அம்மாதங்களிற் கதவைத் திறந்து, விளக்கை ஏற்றி, தம் நிறையையும் குறையையும் ஒளியாது எழுதி, அயலூராருடன் பேசி உடன்பட்டவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. பலகையில் அடுத்த பெயர் ஏறுவது அவர்களாலேயே.