தானே திறக்கும் கதவு!

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி வந்து நிற்கிறது. தள்ளி வந்தவருக்கு இருப்பதோ இரண்டு கை. நாற்காலியைப் பிடிப்பாரா? கதவைத் திறப்பாரா?

தானியங்கிக் கதவு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆள் வருவதைக் கருவி அறிந்ததும் கதவு தானே விலகும். 1954-ம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்ட்டன், ஹெவிட் என்ற இருவருக்கு இந்த யோசனை தோன்றியது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது என்ன? மின்சாரம் நின்றால் கையால் திறக்க வேண்டும். நடுவில் ஆள் நின்றால் மூடக் கூடாது.

சிறிய அறைகளுக்கு 'டோர் குளோசர்' போதும். அதில் உள்ள சுருள்வில் கதவைச் சாத்தும். எண்ணெய் வேகத்தைக் குறைக்கும். அமெரிக்க விதிப்படி, 90 டிகிரி திறந்த கதவு 12 டிகிரிக்கு வர 5 விநாடியாவது ஆகவேண்டும்.

தீத்தடுப்புக் கதவுக்கு மட்டும் ஆப்பு வைக்காதீர்கள். தீப்பிடித்தால் புகை வார்டுக்குள் புகுந்துவிடும்!