ஐந்து லட்சம் இருக்கிறது, அட்டை இல்லை

பழவேற்காடு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. இறால் நன்றாக விழும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் இந்தப் பாட்டைத் தலைமுறை தலைமுறையாக முறை வைத்துப் பிரித்துக்கொண்டு வந்திருக்கின்றன. ஏரியைச் சண்டையில்லாமல் பங்கிடும் இந்த ஏற்பாட்டை மீன்வள ஆய்வாளர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். வியப்பு நியாயமானதுதான். ஆனால் அந்த முறையில் ஒருவர் பெயர் வர வேண்டுமானால் அவர் ஊரில் தலைக்கட்டாக இருக்க வேண்டும். தலைக்கட்டு என்றால் ஊருக்கு வரி கொடுக்கும் ஆண். பெண்களுக்குத் தனிப் பங்கு கிடையாது. அப்பன் வழியாகவோ புருஷன் வழியாகவோதான் ஏரி அவர்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

இப்படியொரு ஊரில் மகன் என்று எழுதப்பட்டுப் பிறந்து, பெண்ணாக வாழப் புறப்படும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மகனுக்கு வர வேண்டிய பாடு அவருக்கு வராது. மகளாகவும் வீடு ஏற்காது. பெரும்பாலான திருநங்கைகளின் வாழ்க்கை வீட்டை விட்டு வெளியேறுவதில்தான் தொடங்குகிறது. பொன்னேரி, சென்னை, மும்பை என்று எங்கோ ஒரு ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் கூடி வாழும் குழுவில், ஒரு குருவுக்குச் சேலாவாக, சீடப் பிள்ளையாகச் சேர்ந்த பிறகு அவருக்கு வேறொரு தாய், வேறொரு பாட்டி, வேறு சகோதரிகள் கிடைக்கிறார்கள். காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். நிர்வாணம் எனப்படும் ஆணுறுப்பு நீக்க அறுவை செய்துகொண்டபின் நாற்பது நாள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர்களும் அவர்கள். அரசின் ஏட்டில் மட்டும் அவர்கள் யாரும் அவருக்கு உறவில்லை.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிய கட்டுரையை ஏரியிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் மலிவான காப்பீடு உண்டா என்று கேட்டால், மலிவு என்ன, இலவசமாகவே உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது. 1 கோடியே 37 லட்சம் குடும்பங்கள் அதில் இருப்பதாக அரசு சொல்கிறது. சிக்கல் அந்த ‘குடும்பம்’ என்ற இடத்தில் இருக்கிறது. பாட்டுக்குத் தலைக்கட்டு எப்படியோ, காப்பீட்டுக்குக் குடும்ப அட்டை அப்படி.

இது புதிய சிக்கலும் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது தமிழகக் கடற்கரையில் இருந்த திருநங்கைகளும் வீட்டை இழந்தார்கள், உடைமைகளை இழந்தார்கள், காயம்பட்டார்கள். பின்னர் சமன் பின்சா, ஹரி கிருஷ்ணா ஆகிய ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப் போய்க் கேட்டுப் பதிவு செய்தார்கள். குடும்ப அட்டை இல்லாததால் நிவாரணப் பட்டியலில் பலரின் பெயரே இல்லை என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. அலை ஆளைப் பார்த்து அடிக்கவில்லை. நிவாரணம்தான் அட்டையைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. இன்றும் கடலோரத்தில் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் மீனவக் குடும்பத்துக்குத்தான் வருகிறது. மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர் விபத்தில் இறந்தால் 5 லட்சம் ரூபாய் தரும் குழுக் காப்பீடு இருக்கிறது. அதில் சேர மீனவர் என்ற பதிவு வேண்டும். கரையில் மீன் விற்றும் கருவாடு காயவைத்தும் பிழைக்கிற ஒரு திருநங்கையை மீனவர் என்று எந்தச் சங்கம் பதிந்துகொள்ளும்?

இவ்வளவையும் சொல்லிவிட்டு, தமிழ்நாடு செய்திருப்பதைச் சொல்லாமல் விட்டால் அது அநீதி. 2008 ஏப்ரல் 15 அன்று இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கைகளுக்கு இங்கே நலவாரியம் அமைந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளிலேயே சென்னையில் அரசு மருத்துவமனைகளில் பாலின உறுதிப்பாட்டு அறுவைச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. அதற்கு முன்னால் எத்தனையோ பேர், நிர்வாணம் செய்துவைக்கும் மூத்த திருநங்கையான தாயம்மா கையால், மயக்க மருந்து இல்லாமல், உயிரைப் பணயம் வைத்து அந்த அறுவையைச் செய்துகொண்டார்கள். பிழைக்காதவர்களின் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. அரசு மருத்துவமனையின் கதவு திறந்தது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, அந்தக் காலத்தைக் கண்ட மூத்த திருநங்கைகளிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்த படி 2022இல் வந்தது. பாலின உறுதிப்பாட்டு அறுவைச் சிகிச்சையும் ஹார்மோன் சிகிச்சையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே சேர்க்கப்பட்டன. திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனையிலும் இனி அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெறலாம். தெற்காசியாவில் ஓர் அரசின் பொதுக் காப்பீடு இதைச் செய்தது இதுவே முதல் முறை. வெளியே பார்த்தால் அர்ஜென்டினா 2012இலேயே தன் பாலின அடையாளச் சட்டத்தில், இந்தச் சிகிச்சைகள் எல்லாக் காப்பீடுகளுக்கும் கட்டாயம் என்று எழுதிவிட்டது. நாம் பத்தாண்டு பிந்தினோம். ஆனால் நம் வட்டாரத்தில் முந்தினோம்.

மத்திய அரசும் தன் பங்குக்கு ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் என்ற திட்டத்தை அறிவித்தது. 2022 ஆகஸ்ட் 24 அன்று தேசிய சுகாதார ஆணையமும் சமூக நீதி அமைச்சகமும் ஒப்பந்தம் போட்டன. இதன் சிறப்பு, 5 லட்சம் ரூபாய் குடும்பத்துக்கு இல்லை, ஆளுக்கு. காட்ட வேண்டியது மாற்றுப்பாலினத்தவர் சான்றிதழ். குடும்ப அட்டையை இதற்கு ஆதாரமாக வைக்கவில்லை. என் பார்வையில் இந்தக் கொள்கைதான் சரி. மாநிலத் திட்டமும் இந்த இடத்துக்கு வந்தாக வேண்டும்.

ஏன் என்பதற்கு, கோட்டைக்குப்பத்திலிருந்து காப்பீட்டு அட்டை வரைக்குமான பாதையைக் கொஞ்சம் நடந்து பார்க்கலாம். முதலமைச்சர் திட்டத்தில் சேரக் குடும்ப அட்டை, ஆதார், ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் என்பதற்கான சான்று, மூன்றும் வேண்டும். அவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்கு நேரில் போய்ப் புகைப்படமும் கைரேகையும் கொடுக்க வேண்டும். பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், வங்கக் கடலின் ஓரத்தில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகம் இருக்கும் திருவள்ளூர் மறு பக்கத்தில். பொன்னேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மாறி மாறி வேறு பஸ். ஒரு நாள் பிழைப்பு போய்விடும்.

பயணத்தையாவது சகித்துக்கொள்ளலாம். குடும்ப அட்டைதான் முடிச்சு. தமிழ்நாட்டில் தனி ஆளும் குடும்ப அட்டை வாங்கலாம். ஆனால் புதிய அட்டை வேண்டுமென்றால் பழைய அட்டையிலிருந்து பெயர் நீக்கியிருக்க வேண்டும். பழைய அட்டை யாரிடம் இருக்கிறது? பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டுத் துரத்திய அப்பாவிடம், அல்லது அவர் இறந்த பின் அண்ணனிடம். அதில் இருக்கும் பெயர் பையன் பெயர். அதே பெயர் இருக்கும்வரை மாதம் அரிசியும் சேர்ந்து வரும் என்பதால் நீக்க மனமில்லாத வீடும் உண்டு. அந்த நினைவே வேண்டாமென்று எப்போதோ நீக்கிவிட்ட வீடும் உண்டு. நீக்கியிருந்தால் வேறு சிக்கல். புது அட்டைக்கு முகவரிச் சான்று வேண்டும். திருநங்கைக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பதே அரிது, ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் வீட்டுக்காரர் அதைவிட அரிது.

வருமானச் சான்றும் இப்படித்தான். கடை கடையாகக் காசு கேட்டு வாழ்பவருக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்று எந்தத் தாள் சொல்லும்? கிராம நிர்வாக அலுவலர் தன் ஊரில் அவர் வசிக்கிறார் என்று ஒப்புக்கொண்டால்தான் அதற்குமேல் பேச்சு. பிறகு பெயர். ஆதாரில் ஒரு பெயர், திருநங்கைகள் நலவாரிய அடையாள அட்டையில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று. மருத்துவமனைக் கணினி மூன்றையும் மூன்று ஆட்களாகப் பார்க்கும். திருநம்பிகளுக்கு இதில் இன்னொரு வலி. ஆண் என்று ஆவணங்களைத் திருத்திக்கொண்டவருக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தால், சிகிச்சை கேட்டுப் போகும் இடத்தில் பாலினக் கட்டமே குறுக்கே நிற்கிறது. உலகம் முழுக்கத் திருநம்பிகள் சொல்லும் குறை இது. ஆண் பெண் இரண்டிலும் தன்னை அடக்கிக்கொள்ளாதவர்களுக்கு விண்ணப்பத்தில் சரியான கட்டமே இல்லை.

காசு கொடுத்துத் தனியார் பாலிசி எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேலையில் இருக்கும் திருநங்கைகள் பலர் அப்படி எடுக்கவும் செய்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி எடுக்கப்பட்டதால் செலவும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாரடைப்பு, விபத்து, டெங்கு என்றால் அந்த பாலிசி உதவும். ஆனால் பாலிசித் தாளைப் புரட்டி ‘விலக்குகள்’ என்ற பகுதியைப் படிக்க வேண்டும். 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விலக்குப் பட்டியல் ஒன்றைத் தரப்படுத்தியது. அதில் ஏழாம் எண், பாலின மாற்றத்துக்கான சிகிச்சைகள். அறுவைச் சிகிச்சை உட்பட உடலின் பாலினக் கூறுகளை மாற்றும் எந்தச் சிகிச்சைக்கும் பணம் தர வேண்டாம் என்று அது நிறுவனங்களை அனுமதிக்கிறது.

அதே 2019இன் இறுதியில் நாடாளுமன்றம் மாற்றுப்பாலினத்தவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 15ஆம் பிரிவு, அறுவைச் சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, லேசர் சிகிச்சை, இன்னும் பிற நோய்கள் எல்லாவற்றின் செலவையும் ஏற்கும் விரிவான காப்பீட்டுத் திட்டத்துக்கு அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. சட்டம் ஒன்று சொல்ல, ஆணையத்தின் பட்டியல் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களைக் காப்பீட்டில் பாகுபடுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. மனநோய்க்கும் உடல்நோயைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று அதே ஆண்டு இன்னொரு சட்டம் சொன்னது. அவற்றுக்காக விதிகள் மாறின. ஏழாம் எண் விலக்கையும் நீக்க முடியும். நீக்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திருநங்கைகளின் மருத்துவம் என்றாலே அறுவைச் சிகிச்சை என்று நினைத்துக்கொள்வது நம் பழக்கமாகிவிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய், சிறுநீரகம், மன உளைச்சல், ரோட்டில் அடிபடுவது எல்லாம் அவர்களுக்கும் உண்டு. நிர்வாணம் வேண்டாம் என்று இருப்பவருக்கும் காப்பீடு வேண்டும். வயதான காலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கூட வரும் ஆள் சேலாதான். கையெழுத்துப் போட ‘ரத்த உறவு’ கேட்டால் அந்தச் சேலா என்ன செய்வாள்?

இங்கேதான் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு சொன்னது முக்கியமாகிறது. குடும்பம் அமையத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதும் சட்டம் அறிந்த ஒன்றுதான் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. வழக்கு ஒரே பாலின இணையர் பற்றியது. அதன் பொருள் ஜமாத்துக்கும் பொருந்தும் என்றே நான் வாசிக்கிறேன். குருவும் சேலாக்களும் ஒரே வீட்டில் ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடும்போது அவர்களுக்கு ஒரு குடும்ப அட்டை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? 2024இல் மத்திய உணவுத் துறையே பால்புதுமை (க்வீர்) இணையர்களை ஒரே குடும்பமாகக் கருதி ரேஷன் அட்டை தரச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. இன்னும் ஒரு படிதான் பாக்கி.

செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கும் வேலையில்லை. திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் பழவேற்காட்டில் ஒரு நாள் முகாம் போடலாம். வட்ட வழங்கல் அலுவலர், வருவாய்த் துறை, சமூக நலத் துறை, காப்பீட்டு மைய ஊழியர், ஆதார் இயந்திரம், எல்லாம் ஒரே கூரையின் கீழ். வாரிய அடையாள அட்டையையே முகவரிக்கும் வருமானத்துக்கும் போதுமான சான்றாக எடுத்துக்கொண்டு, அன்று மாலைக்குள் காப்பீட்டு எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பலாம். வாரிய அட்டை இல்லாதவர் மாவட்ட சமூக நல அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சை உண்டு என்பதைக் காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993இல் கேட்டுக்கொள்ளலாம்.

குப்பங்களில் இதைப் படிக்கும் அப்பா, அம்மா, அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டை விட்டுப் போன பிள்ளையோடு நீங்கள் இன்னும் பேசாமல் இருக்கலாம். மனசு ஆற எவ்வளவு காலம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பிள்ளை தனிக் குடும்ப அட்டை கேட்டு வந்து நின்றால், பெயர் நீக்கல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உங்கள் அட்டையிலேயே பெயர் இருந்து, அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.