அழாத குழந்தை

1950-களின் தொடக்கத்தில், பிரிட்டனின் பல மருத்துவமனைகளில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் வாசலோடு திரும்பிவிட வேண்டும். வாரத்தில் சிறிது நேரம் பார்க்க விடுவார்கள். சில இடங்களில் அதுவும் இல்லை. அம்மாவைக் கண்டால் குழந்தை அழும், வார்டு கலவரப்படும் என்று காரணம் சொன்னார்கள். சில நாளில் அழுகை நின்றுவிடும். ‘பழகிவிட்டது’ என்று டாக்டர்களும் நிம்மதி அடைவார்கள்.

அந்த அமைதியை நம்பாதவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். போர்க்காலத்தில் குழந்தை உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃப்ராய்ட் லண்டனில் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலன் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே எல்லா ஊழியர்களும் குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெழுத வேண்டும்; அவரும் எழுதப் பழகினார். பிறகு மனநல மருத்துவர் ஜான் பௌல்பியுடன் சேர்ந்து வார்டுகளை ஆராய்ந்தார். பிரிந்த குழந்தை முதலில் கதறுகிறது. அடுத்து நம்பிக்கை இழந்து ஒடுங்குகிறது. கடைசியில் அம்மா வந்தாலும் அந்நியரைப் போலப் பார்க்கிறது. டாக்டர்கள் தேறுதல் என்று கருதியது உண்மையில் துயரத்தின் அடுத்த கட்டம்.

1952-ல் இதைப் படமாக்கிக் காட்டினார். லாரா என்ற இரண்டரை வயதுச் சிறுமி, குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்த எட்டு நாட்கள்தான் படம். அதிகம் அழாத பிள்ளை. அழுகையை அடக்கப் படும் பாடு முகத்தில் தெரிகிறது. படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் ராபர்ட்சன் மீதே கொதித்தெழுந்தார்கள்.

அன்றைய கோட்பாடுகளும் அவர்கள் பக்கமே இருந்தன. அமெரிக்க நடத்தையியலாளர் ஜான் வாட்சன், குழந்தையைக் கொஞ்சாதீர்கள் என்று 1928-லேயே புத்தகம் எழுதியிருந்தார். பால் தருவதால்தான் தாய் மீது பாசம் என்ற கருத்து வலுவாக இருந்தது. 1958-ல் உளவியலாளர் ஹாரி ஹார்லோவின் ஆய்வில் இருந்த குரங்குக் குட்டிகள் அதை உடைத்தன: பால் கொடுத்த கம்பி பொம்மையை விட்டு, மெத்தென்ற துணி பொம்மையையே கட்டிக்கொண்டு கிடந்தன. பற்று என்பது உணவைப் போலவே உயிரின் அடிப்படைத் தேவை என்று பௌல்பி வாதிட்டார்.

பின்னர் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு வயதுக் குழந்தைகளைச் சிறிது நேரம் தாயிடமிருந்து பிரித்துப் பார்த்தார். சில குழந்தைகள் அழவே இல்லை. திரும்பி வந்த தாயை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பின்னாளில் ஆய்வாளர்கள் இத்தகைய குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது உள்ளுக்குள் இருந்த தவிப்பு பதிவானது.

பிரிட்டனில், மருத்துவமனைக் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை, பார்க்க வரும் பெற்றோருக்கு 1959-ல் நேரக் கட்டுப்பாடு கூடாது என்று பரிந்துரைத்தது. மருத்துவமனைகள் தயங்கின. 1961-ல் லண்டன் பேட்டர்சீ பகுதித் தாய்மார்கள் சங்கம் அமைத்துப் போராடத் தொடங்கினார்கள். அதன் பிறகே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

தொந்தரவு தராத பிள்ளையைச் சமர்த்து என்று பாராட்டிவிட்டு நகர்வது நமக்கு எளிது. அந்தப் பிள்ளையின் அருகில்தான் நாம் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.