உஷார்! வீட்டில் படிக்கும் உங்கள் பிள்ளையின் பெயர் எந்த இடாப்பில் இருக்கிறது?

“ஸ்கூலுக்கு அனுப்பி என்ன பிரயோசனம்? வீட்டிலேயே டியூஷன் வைப்போம், ஃபோனில் பாடம் பார்க்கட்டும், நேரே ஓ.எல்., ஏ.எல். எடுத்துக் கம்பஸ் போகட்டும்.” கற்பிட்டியிலிருந்து உடப்பு வரை நம் கரையோரத்தில் இப்படிப் பேசும் தாய் தகப்பன்மாரை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் சொல்லும் காரணங்களைத் தட்டிக்கழிக்க முடியாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமலே தவணை முடிந்துவிடுகிறது. நல்ல வகுப்புத் தேடி புத்தளம் நகரத்துக்குப் போவதென்றால் கற்பிட்டிப் பிள்ளைக்கு ஒரு வழிக்கே ஏறக்குறைய 45 கிலோமீற்றர் பஸ். பெண்பிள்ளை இருட்டில் போய் இருட்டில் வருவதை எந்த உம்மா, எந்த அம்மா விரும்புவாள்? கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது வீட்டிலிருந்தே படித்துத் தேறிய பிள்ளைகளையும் கண்டுவிட்டோம். தைரியம் வந்துவிட்டது.

அந்தத் தைரியத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன். வீட்டில் படிக்கிற பிள்ளைக்குப் பாடம் ஏறாமல் போகும் என்பதல்ல என் பயம். தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தமிழில் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இருக்கின்றன. கடந்தகால வினாத்தாள்களைக் கடையிலேயே வாங்கலாம். கெட்டிக்காரப் பிள்ளை படித்துக்கொள்ளும். பிள்ளைக்காகப் பள்ளிக்கூடம் சத்தமில்லாமல் செய்துவந்த கடதாசி வேலைகள் அத்தனையும் பள்ளியை நிறுத்திய அன்றோடு நின்றுவிடுகின்றனவே, அதை எத்தனை வீட்டில் யோசித்திருக்கிறார்கள்?

முதலில் சட்டம். இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்பு 14 வரை இருந்ததை 2016இல் 16 ஆக்கினார்கள். 12 வயதுப் பிள்ளையை நிறுத்தி வீட்டில் வைத்திருந்தால், அவன் படிக்கிறானா, வள்ளத்தில் போகிறானா, வாடியில் கருவாடு காயவைக்கிறானா என்று வெளியிலிருந்து பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது. இடைவிலகிய பிள்ளை என்றுதான் எழுதிக்கொள்வார். “நான் வீட்டில் படிப்பித்தேன்” என்று நீட்டிக் காட்ட உங்கள் கையில் ஒரு பத்திரமும் இருக்காது.

அடுத்தது அடையாள அட்டை. 15 வயதானதும் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு அதிபர் உறுதிப்படுத்தி அனுப்பிவிடுவார். வீட்டுப் பிள்ளை கிராம உத்தியோகத்தரிடம் போகவேண்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிசகினாலும் அதைத் திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டும். இதை ஓ.எல். வருடத்தில் தொடங்கினால் பரீட்சை மண்டப வாசலில் நின்று கண்ணீர் விட வேண்டியதுதான். பரீட்சை விண்ணப்பமும் அப்படித்தான். பாடசாலைப் பரீட்சார்த்திக்குப் பள்ளியே அனுப்புகிறது. தனிப்பட்ட பரீட்சார்த்தி பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலைத் தானே கவனித்து, இணையவழியில் தானே நிரப்ப வேண்டும். பாடம், மொழிமூலம், நகரம் எதில் பிழை விட்டாலும் சுட்டிக்காட்ட வகுப்பாசிரியர் இல்லை. அந்த அறிவித்தல் பரீட்சைக்குப் பல மாதங்களுக்கு முன்பே வந்து போய்விடும்.

இவற்றையெல்லாம்கூட ஓடித்திரிந்து சமாளித்துவிடலாம். நம் புத்தளம் மாவட்டத்துக்கென்றே உள்ள பெரிய பொறி வேறொன்று. அதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அரச பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை எடுக்கும்போது பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள்தான் அகில இலங்கைத் திறமைப்படி போகின்றன. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிகிறது. மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் புத்தளமும் உண்டு. ஆகவே இசட் புள்ளி எவ்வளவு என்பதோடு, பிள்ளை எந்த மாவட்டக் கணக்கில் நிற்கிறது என்பதும் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கு அந்த மாவட்டத்தைப் பெரும்பாலும் பள்ளியே தீர்மானித்துக் கொடுக்கிறது: ஏ.எல். எடுப்பதற்கு முந்திய மூன்று வருடத்தில் படித்த பள்ளி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு? நிரந்தர வதிவிடம் எது என்று கேட்பார்கள். வாக்காளர் இடாப்பைக் கேட்பார்கள்.

இங்கேதான் நெஞ்சு பதறுகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்திறங்கிய மண் இது. யுத்தம் முடிந்த பிறகு பல குடும்பங்கள் மன்னாரிலோ முல்லைத்தீவிலோ மீண்டும் பதிந்துகொண்டன. காணிக்காக, வீட்டுத் திட்டத்துக்காக, பிறந்த ஊர் உரிமைக்காக. அதில் தப்பேயில்லை. ஆனால் வாக்கு மன்னார் முசலியில் இருக்கிறது, அடுப்பு புத்தளம் தில்லையடியில் எரிகிறது. அந்த வீட்டுப் பிள்ளை புத்தளத்துப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் பள்ளி இடாப்பு அதற்குச் சாட்சி சொல்லும். வீட்டில் படித்திருந்தால் யார் சாட்சி? ஒரு கடதாசி மன்னார் என்கிறது, இன்னொன்று புத்தளம் என்கிறது. பிழையான மாவட்டம் காட்டப்பட்டதாகத் தெரியவந்தால் கிடைத்த அனுமதியே பறிபோகலாம். இரண்டு வருடம் கண்விழித்துப் படித்த பிள்ளையிடம் அன்றைக்கு என்ன சொல்வீர்கள்? பருவத்துக்குப் பருவம் கரை மாறும் மீனவக் குடும்பங்களுக்கும், வேறு மாவட்டத்தில் பதிவும் கற்பிட்டியில் வாடியுமாக இருப்பவர்களுக்கும் இதே ஆபத்துத்தான்.

“சும்மா ஒருக்கா எடுத்துப் பார்க்கட்டும்” என்ற பேச்சும் வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்கு ஏ.எல். மூன்று தடவைதான். மூன்று பாடமும் ஒரே அமர்வில் சித்தியடைய வேண்டும். பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். அதை ஒருவரும் படிப்பிப்பதில்லை, வீட்டுப் பிள்ளைக்கு அப்படியொன்று இருப்பதே கடைசியில்தான் தெரியவருகிறது. ஆயத்தமில்லாமல் எடுத்த முதல் தடவையும் மூன்றில் ஒன்றாகவே எண்ணப்படும்.

லண்டன் ஏ.எல். எடுப்பிக்கலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது நல்ல சான்றிதழ்தான். ஆனால் அந்தப் பெறுபேறு அரச பல்கலைக்கழகங்களின் இசட் புள்ளிப் போட்டிக்குள் வராது. கட்டணம் கட்டித் தனியாரிடமோ வெளிநாட்டிலோ படிக்க வசதி இருந்தால் மட்டும் அந்தப் பாதை. “ஓ.எல். தேவையில்லை, ஏ.எல். தேவையில்லை, நேரே பட்டம்” என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் காசு கொடுக்குமுன், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள். விளம்பரம் செய்கிறவரிடம் கேட்காதீர்கள்.

பள்ளிக்கு வெளியே படித்து ஏறவே முடியாது என்று நான் சொல்லவில்லை. மத்ரஸாவில் ஓதிக்கொண்டே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஓ.எல்., ஏ.எல். எடுத்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் விண்ணப்பத்தையும் திகதியையும் கவனிக்கும் ஒரு நிர்வாகம் இருந்தது. வீட்டில் அந்த நிர்வாகம் நீங்கள்தான். வாப்பா வெளிநாட்டில், உம்மா தனியே மூன்று பிள்ளைகளோடு என்றால் அது யார் என்பதை இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள்.

என் யோசனையைக் கேட்டால், 16 முடியாத பிள்ளையைப் பள்ளி இடாப்பிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் படிப்பியுங்கள். ஏ.எல்.லில் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு கேட்பார்கள்; டியூஷனை அதற்கேற்ப வையுங்கள். ஏற்கனவே நிறுத்திவிட்டீர்களா? விடுகைப் பத்திரத்தை வாங்கினீர்களா என்று முதலில் பாருங்கள், அது இல்லாமல் வேறு பள்ளியில் சேர்ப்பது பெரும்பாடு. பிறகு புத்தளம் அல்லது சிலாபம் வலயக் கல்விப் பணிமனைக்கு நேரில் போய் மீளச் சேர்க்க வழி கேளுங்கள். பிள்ளை 16ஐத் தாண்டி இனிப் பள்ளி இல்லை என்ற நிலை என்றால், வாக்காளர் பதிவு எங்கே இருக்கிறது என்று இந்த வாரமே கிராம உத்தியோகத்தரிடம் சரிபாருங்கள். மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் தமிழிலும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியை நீங்களே வாசியுங்கள், விதிகள் மாறும். ஏ.எல். கைகூடாமல் போன பிள்ளைக்கும் 18 வயதில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கற்கைநெறிகள் வழியாக ஒரு வாசல் உண்டு. அங்கேயும் முதலில் கேட்பது அடையாள அட்டையைத்தான்.