ஓடத் தொடங்கியதும் நின்றுவிடும் ரிமோட் கார்

ரிமோட் காரின் பொத்தானை அழுத்தியதும் அது ஒரு துள்ளல் துள்ளி நின்றுவிட்டால், ஆன்டெனாவை நீட்டிப் பார்ப்பதும் ரிமோட்டைத் தட்டிப் பார்ப்பதும் வழக்கமாக உள்ளன. ஆயினும் வானொலி அலையைக் குறை கூறுவதற்கு முன் ஐயுற வேண்டியது மின்கலத்தையே ஆகும்.

சுழலும் மோட்டார், தான் சுழல்வதாலேயே எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கித் தன்னுள் பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. நின்றிருக்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு இல்லாமையால், புறப்படும் கணத்திலும் சக்கரம் எதிலாவது சிக்கிய வேளையிலும், இயல்பான ஓட்டத்தின்போது பாய்வதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. சிறு பெட்டி வடிவிலான 9 வோல்ட் பேட்டரி இந்தத் திடீர்த் தேவையைத் தாங்குவதில்லை. அதன் உள்மின்தடை, அதாவது கலத்திற்குள்ளேயே அமைந்த தடை, 2 ஓம் எனக் கொண்டால், 2 ஆம்பியர் இழுக்கப்படும்போது 4 வோல்ட் உள்ளேயே இழக்கப்பட்டு வெளியே 5 வோல்ட் மட்டுமே எஞ்சுகிறது. அதே பேட்டரியை நம்பியுள்ள ரிசீவர், அதாவது அலையை வாங்கிக் கட்டளையாக மாற்றும் சுற்று, போதிய அழுத்தமின்றி அணைய, மோட்டார் நிற்கிறது. பளு நீங்கியதும் அழுத்தம் மீள, ரிசீவர் விழித்து மறுபடியும் மோட்டாரை இயக்க முற்படுகிறது. துள்ளலுக்குக் காரணம் இந்தச் சுழற்சியே.

கழற்றி வைத்த பேட்டரியை மல்டிமீட்டரால் அளந்து ‘9 வோல்ட் இருக்கிறதே’ என்று முடிவு கட்டுவதே பலர் செய்யும் பிழை. பளு இல்லாத நிலையில் தேய்ந்த கலமும் ஏறக்குறைய முழு அழுத்தத்தையே காட்டும் என்பதால், மோட்டார் இயங்கும்போதே அளக்க வேண்டும். அப்போது பேட்டரி முனைகளில் அழுத்தம் சரிந்தால் குறை பேட்டரியில் உள்ளது. அங்கே நிலைத்து மோட்டார் முனைகளில் மட்டும் சரிந்தால், களிம்பேறிய ஸ்பிரிங், தேய்ந்த சுவிட்ச், மெல்லிய கம்பி, மோட்டாரை இயக்கும் சில்லு ஆகியவற்றுள் ஒன்றில் உள்ளது. இரண்டிடத்தும் அழுத்தம் குறையாமலே வண்டி திக்கினால், மோட்டாரின் தூரிகைகளில் எழும் பொறி அலையைக் குலைக்கக்கூடும்; முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபாரட் செராமிக் கப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைப்பது அதற்குரிய எளிய தீர்வாகும். ரிசீவருக்கும் மோட்டாருக்கும் தனித்தனிப் பேட்டரி வைப்போர், இரண்டின் எதிர்மின் முனைகளையும் ஒன்றாக இணைக்க மறந்துவிட்டுச் சில்லைப் பழிப்பதும் உண்டு.

ஆற்றல் போதவில்லை என்று லித்தியம் கலத்தைப் பொருத்துவது வேறு வகை இடர். உப்பிய கலத்தை மீண்டும் சார்ஜ் செய்வதும், பாதுகாப்புச் சுற்றையோ ஃபியூஸையோ தவிர்த்து இணைப்பதும் தீ விபத்தில் முடியலாம். ரிமோட்டில் பொத்தான் வடிவக் கலம் இருப்பின், திருகு இல்லாத மூடியை ஏற்கவே கூடாது. அக்கலத்தைக் குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும் என்பதால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இந்தியாவில், 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்கள் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை பெற்றிருத்தல் கட்டாயம்; இறக்குமதிப் பொருளுக்கும் இது பொருந்தும். குறையுள்ள பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ விற்பனையாளர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முறையிடலாம். அதிலும் தீராவிடில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை. குறையை ஆய்வின்றி அறிய இயலாதபோது ஆணையம் பொருளை ஆய்வகத்திற்கு அனுப்ப முடியும். ஆதலின் முறையிடக் கருதுவோர், பேட்டரி மூடியைத் திறந்து அழுத்தத்தை அளப்பதோடு நின்று, ரசீதையும் அளவீட்டின் காணொளியையும் வைத்துக்கொள்வது தக்கது. உள்ளே பற்றவைத்த கப்பாசிட்டர் வண்டியை ஓட்டினாலும், குறை பயனரால் நேர்ந்ததென்று வாதிட விற்பனையாளருக்கு வழி திறந்துவிடும்.